ஏழால் வகுபடும் வட்டங்கள்

கண்டி மாநகரில் 2008ஆம் ஆண்டு தக்க ஆதாரங்களுடன் வசித்துவந்த யாழ்ப்பாணத்தவர்களில் திரு. அம்பிகைபாகன் ஒருவர். ஆதாரங்கள் மூன்று. தேசிய அடையாள அட்டை, குண்டசாலை வாடகை வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த படிவத்தின் பிரதி, வேலைத்தல அட்டை. மூன்றையும் இதே ஒழுங்கில் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, சேர்ட் பொக்கற்றில் இதயத்துக்கு நேர் மேலே வைத்துக்கொள்வார். ஒரு மனிதன் எதற்காகக் கண்டியில் இருக்கிறான் என்ற பெரிய தத்துவக் கேள்விக்கு மூன்றாவது அட்டை இரண்டே சொல்லில் பதில் சொன்னது: வினா ஆக்குநர்.

வினாக்களை ஆக்குவதற்கென்றே ஒருவரை நியமித்து, அதற்கு அட்டையும் கொடுத்த நாடு நம்முடையது. அதுவும் சந்திக்குச் சந்தி வினாக்கள் தாராளமாகக் கிடைத்த காலத்தில். எங்கே போகிறாய், எங்கிருந்து வருகிறாய், என்ன வேலை, எப்போது திரும்புவாய் என்று ஒருவரும் ஆக்காமலே வினாக்கள் பிறந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு வழிகாட்டிப் புத்தகம் கிடையாது. அம்பிகைபாகனின் வினாக்கள் அந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுக்கு விடை உண்டு.

கட்டுக்கலைப் பக்கம் ஒரு மாடியில் இயங்கிய தொலைக்கல்வி நிலையத்தில் அவர் வேலை செய்தார். வெளிநாட்டு உதவியில் இருபது கணினிகள் வந்து இறங்கியதும், கொழும்பில் இருந்தவர்கள் இணையவழிப் பாடநெறி ஒன்றைத் தொடங்கினார்கள். தோட்டப் பள்ளிக்கூடங்களில் தொண்டர் ஆசிரியர்களாக வருடக்கணக்கில் படிப்பித்துக்கொண்டிருந்தவர்களுக்கான கணிதப் பாடநெறி அது. கடைசிப் பரீட்சையில் நாற்பது புள்ளி எடுத்தால் நிரந்தர நியமனத்துக்கான பட்டியலில் பெயர் ஏறும். முதல் அணியில் அறுபத்து நான்கு பேர். அவர்களில் ஒருவர் புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வந்த அழகம்மா. ஒன்பது வருடமாகத் தொண்டர் ஆசிரியை. வயது முப்பத்து நான்கு. நியமனத்துக்கு வயதெல்லை முப்பத்தைந்து. அடுத்த பட்டியல் இரண்டு வருடம் கழித்துத்தான் வரும். ஆகவே அழகம்மாவுக்கு இந்தப் பட்டியல்தான் முதலும் கடைசியும். இந்தச் சரித்திரம் அவருடைய பெயர் அதில் ஏறியதா என்பதைப் பற்றியது. மற்றவையெல்லாம் வழியில் வந்து ஏறிக்கொண்டவை.

வினா ஆக்குநர் அளவெட்டியில் பிறந்தவர். எண்பத்து மூன்றில் பேராதனையில் கணிதம் படித்துக்கொண்டிருந்தார். அந்த யூலைக் கலவரத்தில் லொறி, முகாம், கப்பல் ஆகிய மூன்று வாகனங்களில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார். முகாமை வாகனம் என்று சொல்லக்கூடாதுதான். ஆனால் அவரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனதில் அதற்கும் பங்குண்டு. பன்னிரண்டு வருடம் ஊரில் படிப்பித்தார். தொண்ணூற்றைந்தில் யுத்தத்துக்கு அஞ்சி ஊரே எழும்பி நடந்தபோது அவரும் நடந்தார். அடுத்த வருடம் மனைவி றீற்றாவுக்குக் கண்டிக்கு இடமாற்றம் கிடைத்தது. பாசையூர்க்காரியான றீற்றா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தலைமை எழுதுவினைஞர். கட்டில், அலுமாரி, தையல் மெசின், அம்பிகைபாகன் ஆகியவை அவருடன் கண்டிக்கு வந்து சேர்ந்தன.

வினா ஆக்கும் முறை மிக எளிது. ‘ஆரை 7 மீற்றர் உள்ள கிணறு’ என்று எழுதுவதற்குப் பதிலாக, ஏழு இருக்கவேண்டிய இடத்தில் நெளிந்த இரண்டு அடைப்புக்குறிகளைப் போட்டு நடுவில் ஓர் எழுத்தை வைக்கவேண்டும். எந்த எண் தொடக்கம் எந்த எண் வரை என்று ஒரு வீச்சைக் கொடுக்கவேண்டும். விடைக்கான சூத்திரத்தையும் கொடுத்துவிட்டால், ஒவ்வொருவருக்கும் கணினி எழுமாறாக ஓர் எண்ணை எடுத்துப் போடும். பக்கத்துக் கதிரைக்காரனின் கிணறு வேறு, உங்கள் கிணறு வேறு. கழுத்தை நீட்டிப் பயனில்லை. திருத்துவதும் கணினியே. விடை எவ்வளவு பிசகினால் மன்னிக்கலாம் என்று மட்டும் ஆசிரியர் ஒரு சின்னப் பெட்டிக்குள் எழுதிவைக்கவேண்டும். வழு எல்லை என்று அதற்குப் பெயர்.

இந்த வித்தையில் அம்பிகைபாகன் மனத்தைப் பறிகொடுத்தார். ஒரே வினா, கணக்கற்ற எண்கள். காலையில் குண்டசாலை பஸ் சோதனைச்சாவடியில் நிற்கும். எல்லாரும் இறங்கி, ஐம்பது அடி நடந்து, அட்டையைக் காட்டி, அந்தப் பக்கத்தில் மறுபடி ஏறவேண்டும். அந்த ஐம்பது அடிக்குள் அவர் கனவு காண்பார். இதே பஸ், இதே வீதி, எண்கள் மட்டும் வேறு. ஓர் எடுப்பில், எண்பத்து மூன்று யூலையில் வெறும் மழைதான் பெய்தது. அவர் பேராதனையிலேயே தங்கிப் பேராசிரியராகி, மாணவர்கள் ஒளித்து ஓடும் அளவுக்குப் புகழ் பெற்றார். இன்னோர் எடுப்பில் அவர் பிறந்ததே கடுகண்ணாவையில். கணவாயின் வளைவில் தேத்தண்ணிக் கடை வைத்து, மூச்சிரைக்க ஏறிவரும் லொறிகளின் சாரதிகளுடன் மூன்று மொழியில் பகிடி விட்டார். வேறோர் எடுப்பில் அளவெட்டியை விட்டு ஒருநாளும் வெளிக்கிடவில்லை. கண்டி என்ற ஊரைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தார். பனி விலகாத மலைகளுக்கு நடுவில், மழைக்கோட்டுப் போட்ட சிப்பாயின் முன்னால், இப்படியாக அவர் பல வாழ்க்கைகளை வாழ்ந்து முடித்துவிட்டு மறுபடி பஸ்ஸில் ஏறுவார். எல்லா எடுப்புகளிலும் றீற்றாவை மட்டும் மாற்றவில்லை. அந்த உண்மையை ஒருநாள் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

“எல்லாத்திலையும் நீர்தான் மாறிலி, றீற்றா.”

“மாறிலிக்கு இண்டைக்குத் தலையிடி. தேத்தண்ணியைப் போடுங்கோ” என்றார் மாறிலி.

முதல் வினாத்தொகுதி ஒத்திகைப் பரீட்சைக்காக ஆக்கப்பட்டது. அறுபத்து நான்கு பேரும் நூற்றுக்கு நூறு எடுத்தார்கள். இலங்கைக் கல்வி வரலாற்றில் இப்படியொன்று நடந்ததில்லை என்று வினா ஆக்குநர் இரண்டு நாள் மகிழ்ந்தார். மூன்றாம் நாள், தபாற்கந்தோருக்குப் பின்சந்தில் ஹாஷிம் நடத்திய கொமியூனிகேஷன் என்ற தொலைபேசி, இணையக் கடைக்குப் போனார். வீட்டில் கணினி இல்லாத தொண்டர் ஆசிரியர்கள் அங்கேதான் பரீட்சை எழுதினார்கள். சுவரில், தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில், தடித்த பேனையால் எழுதிய காகிதம் ஒன்று தொங்கியது: முதலில் ஆரை, பக்கத்தில் பரப்பளவு. 7 – 154. 14 – 616. 21 – 1386. 28 – 2464. 35 – 3850. 42 – 5544.

“சேர் கோவிக்க வேணாம்” என்றார் ஹாஷிம். நாற்பத்தைந்து வயது, பொறுப்பான மனிதர். “மொத்தம் ஆறு வட்டம்தான் ஈக்கி. ஒவ்வொருத்தருக்கும் அந்த ஆறுல ஒண்டுதான் வருது. டீச்சர்மார் தனித்தனியா கஷ்டப்படுறாங்க எண்டு நாந்தான் எழுதித் தொங்கவிட்டேன்.”

நடந்தது இதுதான். எந்த எண் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று கணினி வாசலைத் திறந்துவிட்டிருந்தது. அம்பிகைபாகனின் கை தானாகவே ஏழின் மடங்குகளை எழுதியிருந்தது. அவரைக் குறைசொல்ல ஏலாது. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருகிற பை என்ற எண், நமது பள்ளிக்கூடங்களில் இருபத்திரண்டின் கீழ் ஏழு. கல்குலேட்டர் பரீட்சை மண்டபத்துக்குள் நுழையாத நாட்டில், கீழே இருக்கும் ஏழை வெட்டுவதற்கு மேலே ஓர் ஏழு வேண்டும். ஆகவே நமது கிணறுகள் ஏழு மீற்றர் ஆரையில் வெட்டப்பட்டன. ரொட்டிகள் பதினான்கு சென்ரிமீற்றரில் தட்டப்பட்டன. ஆடுகள் இருபத்தொரு மீற்றர்க் கயிற்றில் கட்டப்பட்டு, ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு சதுர மீற்றர்ப் புல்லை மேய்ந்தன. மூன்று தலைமுறை ஆடுகள் வேறெந்த அளவிலும் மேய்ந்தது கிடையாது.

கொழும்பில் இந்தப் பாடநெறிக்குப் பொறுப்பாக ஒரு கலாநிதி இருந்தார். புள்ளிகளைப் பார்த்துவிட்டு அவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மிக மரியாதையான ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம். தங்கள் உலகத்தில் ஏழால் வகுபடாத வட்டம் ஏதாவது உண்டா என்று அதில் கேட்டிருந்தார்.

யுத்தங்கள் இதைவிடச் சிறிய காரணங்களுக்காகத் தொடங்கியிருக்கின்றன. அம்பிகைபாகன் மூன்று கிழமை இருந்து கடைசிப் பரீட்சையை ஆக்கினார். இருபது வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. வட்டங்களை அவரால் விட முடியவில்லை; பதினொரு வினாவில் வட்டம் வந்தது. ஆனால் எப்படிப்பட்ட வட்டங்கள்! ஆரை 3.7, ஆரை 58.9, ஆரை 0.6. ஏழு என்ற எண்ணை வீச்சிலிருந்தே துரத்தினார். பையைக் கணினி தன்னிடம் இருக்கும் அத்தனை தசமதானங்களுடனும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். வழு எல்லைப் பெட்டியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று எழுதினார். வட்டக் கணக்குகளின் கீழே நம் வினாத்தாள்களில் வழக்கமாக அடைப்புக்குள் ஒரு வரி வரும்: பை இருபத்திரண்டின் கீழ் ஏழு எனக் கொள்க. அதைப் போடவில்லை. அது சின்னப் பிள்ளைகளுக்கான வரி என்று அவருக்கு அப்போது தோன்றியது.

அறுபத்து நான்கு பேரில் ஒன்பது பேர் சித்தியடைந்தார்கள். அந்த ஒன்பது பேரும் பை என்று பொத்தான் உள்ள கல்குலேட்டர் வைத்திருந்த நகரத்துக்காரர்கள் என்பது பிறகு தெரியவந்தது. கலாநிதி இரண்டாவது மின்னஞ்சல் அனுப்பினார். இப்போதுதான் இது தரமான பரீட்சை, வாழ்த்துக்கள், மாதக் கடைசியில் முடிகிற தங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில் தனக்கு மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார். ஐம்பத்தைந்து பேர் விழுந்தால்தான் தரம் எழும்பும் என்பது கல்வித் துறையில் பழைய நம்பிக்கை. அம்பிகைபாகன் அந்த மின்னஞ்சலை அச்செடுத்துப் பிளாஸ்ரிக் உறைக்குள் நான்காவதாக வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அழகம்மா வந்தார். விடியமுன்னர் புசல்லாவையிலிருந்து பஸ் ஏறியவர். நடுவில் இரண்டு இடத்தில் இறக்கி ஏற்றினார்களாம். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, ஈரம் படாமல் சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்த கொப்பியை மேசையில் வைத்தார். அவருடைய புள்ளி முப்பத்தைந்து. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பட்டியல் திணைக்களத்துக்குப் போய்விடும். அதை இருவரும் அறிவார்கள். ஆகவே மன்றாட்டத்தை எதிர்பார்த்து, அதற்கு ஏற்ற கடுமையான முகத்துடன் அம்பிகைபாகன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் புள்ளி கேட்டு வரலீங்க சார்” என்றார் அழகம்மா. “எங்க பிழைன்னு மட்டும் காட்டிருங்க. நாளைக்கு இதைத்தான் பிள்ளைங்களுக்கு சொல்லிக்குடுக்கணும்.”

கொப்பியில் இருபது கணக்கும் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பக்கம். இடது ஓரத்தில் கோடு, வலப்பக்கத்தில் பெருக்கல், கீழே இரட்டைக் கோட்டில் விடை. அம்பிகைபாகன் சிவப்புப் பேனையைத் திறந்தார். முதல் வட்டம், ஆரை 3.7 மீற்றர், உயரம் 2.4 மீற்றர் உள்ள உருளைத் தாங்கியின் கனவளவு. அழகம்மாவின் விடை 103.262 கன மீற்றர். கணினியின் விடை 103.220. வித்தியாசத்தைத் தண்ணீராக்கினால், ஒரு லட்சம் லீற்றர் கொள்ளும் தாங்கியில் நாலு வாளி. படிமுறையில் பிசகு ஒன்றும் இல்லை. அடுத்த வட்டம், அதற்கடுத்த வட்டம் என்று பதினொன்றையும் பார்த்தார். ஒன்றில் மட்டும் அழகம்மா விட்டத்தை ஆரையாக எடுத்திருந்தார். அதைக் காட்டியதும், ஆமாங்க, அது என் பிழைதான் என்று உடனே ஒப்புக்கொண்டு பக்கத்தில் குறித்துக்கொண்டார். மற்றப் பத்திலும் பேனை வைக்க இடம் கிடைக்கவில்லை.

“ரீச்சர், நீங்கள் பையை இருபத்திரண்டின் கீழ் ஏழு எண்டு எடுத்திருக்கிறியள். அது சரியான பெறுமானம் இல்லை” என்றார் கடைசியில்.

அழகம்மா கைப்பையைத் திறந்து அரசாங்கப் பாடநூலை எடுத்து, அந்தப் பக்கத்தைப் புரட்டி வைத்தார். கொட்டை எழுத்தில் இருந்தது. அம்பிகைபாகன் அதை வாசிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே ஊரில் பன்னிரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிய வரி அது.

“அப்ப சரியானது எவ்வளவுங்க சார்?”

மூன்று தசம் ஒன்று நான்கு ஒன்று ஐந்து ஒன்பது என்று தொடங்கினார். ஆறு, ஐந்து, மூன்று என்று போய், மூச்சு முடிந்த இடத்தில் நின்றார். அழகம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பேனையை உயர்த்தியபடி காத்திருந்தார்.

“அப்புறம்?”

“அப்புறம் போய்க்கொண்டே இருக்கும்.”

“முடிவே வராதுங்களா?”

“வராது.”

“முடிவே இல்லாத எண்ணை வச்சு மெசின் எப்படி சார் திருத்துச்சு?”

ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. இருபது கணினிகளும் இரைந்துகொண்டிருந்தன. கணினியும் ஓரிடத்தில் வெட்டித்தான் இருந்தது. பதினைந்தாவது இடமோ, பதினாறாவது இடமோ. அழகம்மா கொஞ்சம் முன்னால் வெட்டியிருந்தார். எந்த இடத்தில் வெட்டவேண்டும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய ஒரே மனிதர் அவருக்கு முன்னால் சிவப்புப் பேனையுடன் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதருக்கு, பக்கத்தில் உள்ள மலைகள் எல்லாம் கொஞ்சம் விலகி நின்று தன்னைப் பார்ப்பது போலத் தோன்றியது. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது செய்யப் பார்க்கிறன் என்று சொன்னார். அழகம்மா கொப்பியை மறுபடி சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போனார்.

செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. வழு எல்லையைக் கொஞ்சம் அகட்டி, எல்லா விடைத்தாள்களையும் கணினி மறுபடி திருத்தவேண்டும். அந்த அதிகாரம் கொழும்புக் கலாநிதியின் கையில் இருந்தது. காரணத்தை எழுத்தில் கேட்பார். தரமான பரீட்சை என்று அவர் வாழ்த்திய பரீட்சை பிழையானது என்று, ஒப்பந்தம் முடிகிற மாதத்தில், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போகிறவருக்கே எழுதவேண்டும். ஒப்பந்தம் போனால் மூன்றாவது அட்டை போகும். மூன்றாவது அட்டை போனால், ஏன் கண்டியில் இருக்கிறாய் என்ற கேள்விக்கு மனைவியைத்தான் காட்டவேண்டும். தொண்ணூற்றெட்டில் தலதா மாளிகையில் குண்டு வெடித்த கிழமை அவர் அப்படி மனைவியைக் காட்டிப் பார்த்தவர். இரண்டு நாள் கழித்துத்தான் வீடு வந்தார்.

அன்று பின்னேரம் குண்டசாலையில் கடிதம் எழுதப்பட்டது. முதல் வரைவு நான்கு பக்கம். பையின் சரித்திரம் கிரேக்கர் காலத்திலிருந்து தொடங்கியது. பாடநூல் எழுதியவர்களின் பொறுப்பு, கல்குலேட்டர் தடையின் சமூகவியல், மலையகத்தின் மழைவீழ்ச்சி எல்லாம் வந்தன. எவ்வளவு தேடினாலும் பிழை செய்தவர் ஒருவரையும் அதில் காணவில்லை. இருபத்து நான்கு வருடம் அரசாங்கக் கடிதங்களைப் பார்த்த றீற்றா, முட்டைக்கோசு அரிந்துகொண்டே அதை வாசித்தார்.

“இஞ்சருங்கோ, இது கடிதமோ காவியமோ?”

பின்னணி விளங்கவேண்டும் என்றார் கணவர்.

“பின்னணி கிடக்கட்டும். பிழை ஆற்றை?”

அம்பிகைபாகன் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“என்ரை.”

“அப்ப அதை எழுதுங்கோ. மூண்டு வரி காணும்.”

அட்டையைப் பற்றி அவர் மெல்ல ஞாபகப்படுத்தினார். றீற்றா கத்தியை வைத்துவிட்டு, தனக்கு அது மத்தியானமே தெரியும் என்றார். அழகம்மா வந்துபோன கதையைக் கணவர் கந்தோருக்குத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கியபோதே விளங்கிவிட்டதாம். மூன்று வரி இப்படி முடிந்தது: வினாக்களில் பையின் பெறுமானம் தரப்படவில்லை. இது வினா ஆக்குநராகிய எனது தவறு. இருபத்திரண்டின் கீழ் ஏழைப் பயன்படுத்திய விடைகளையும் ஏற்று மீளத் திருத்த அனுமதி தரவும். அடியில் கையெழுத்து வைத்தார். செவ்வாய்க்கிழமை ஹாஷிமின் கடையிலிருந்து தொலைநகலில் போனது. புதன் பதில் வரவில்லை, வியாழன் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி பத்துக்குக் கலாநிதி தொலைபேசியில் பேசினார். செய்யுங்கள், நாலு மணிக்குப் பட்டியல் போய்விடும், மற்றதைப் பிறகு பேசுவோம் என்றார். ‘மற்றது’ என்பதில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது.

ஒன்றரைக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சந்தேகத்துக்கிடமான பொதி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. வீதிகளை மூடினார்கள். மாடிக் கட்டடங்களில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். தொலைக்கல்வி நிலையத்தின் கதவு பூட்டப்பட்டது. இருபது கணினிகளும் உள்ளே, வினா ஆக்குநர் வெளியே. ஹாஷிமின் கடைக்கு நேர்வழி இல்லை. வாவியைச் சுற்றித்தான் போகவேண்டும்.

வாவிக்கரையில் சனமே இல்லை. கடைகள் அடைத்திருந்தன, பஸ்கள் ஓடவில்லை. கண்டி நகரம் தன்னைத் தானே கழற்றி வைத்துவிட்டு நித்திரை கொள்வது போல இருந்தது. தூறல் விழுந்தது. ஒவ்வொரு துளியும் தண்ணீரில் ஒரு வட்டத்தைத் திறந்தது. சில கைவளையல் அளவு, சில சாப்பாட்டுக் கோப்பை அளவு, சில கரை தொடும்வரை விரிந்தன. ஒன்றை ஒன்று ஊடுருவி, ஒன்றையும் உடைக்காமல் போயின. அம்பிகைபாகன் நின்றார். நாலு மணிக்குள் முடிக்கவேண்டிய வேலை இருக்கும் மனிதன் நிற்கக்கூடாத இடம்தான். ஆனால் இத்தனை ஆரைகளை ஒருவரும் வீச்சுக் கொடுக்காமல் யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்காமல் போவது தொழிலுக்குச் செய்யும் துரோகம் என்று அவருக்குப் பட்டது.

நின்றதன் பலனாக ஒரு சிப்பாய் வந்தான். தண்ணீருக்குள் என்ன பார்க்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். வட்டங்கள் என்று உண்மையைச் சொன்னார். அந்தக் காலத்தில் உண்மையைப் போலச் சந்தேகத்துக்கிடமானது வேறொன்றில்லை. உறை வெளியே வந்தது. மூன்று ஆதாரங்களும், கலாநிதியின் வாழ்த்தும், மேலதிகாரி வரும்வரை இருபது நிமிடம் மழையில் நின்றன. மேலதிகாரி மூன்றாவது அட்டையை இரண்டு தரம் வாசித்தார். பரீட்சைக்காரரா என்று கேட்டார். ஓம், நாலு மணிக்குப் புள்ளி போகவேண்டும் என்றதும், தன்னுடைய தங்கையும் பரீட்சை எழுதிவிட்டுப் புள்ளி வருமா வருமா என்று இருக்கிறாள், உங்கள் ஆட்கள் ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறீர்கள் என்று கடிந்துகொண்டார். கல்வித் துறையின் சார்பில் அம்பிகைபாகன் மன்னிப்புக் கேட்டார்.

ஹாஷிமின் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நனைந்த மனிதர் குனிந்து உள்ளே நுழைந்தபோது மூன்று பத்து. ஹாஷிம் துவாயைக் கொடுத்துவிட்டு இணைப்பைப் போட்டார். வழு எல்லை ஆயிரத்தில் ஒன்று என்று மாற்றப்பட்டது. மீளத் திருத்து என்ற பொத்தானில் விரல் வைத்துவிட்டு, அம்பிகைபாகன் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

கணினி ஆங்கில அகரவரிசையில் திருத்தியது. ஆகவே அழகம்மா முதலாவது. அம்பிகைபாகன் கதிரையைச் சரிசெய்து உட்காருமுன்னரே 35 இருந்த இடத்தில் 85 வந்துவிட்டது. ஒன்பது வருடக் காத்திருப்பு முடிந்த கணத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹாஷிம்தான் பார்த்துச் சொன்னார்.

“எண்பத்தஞ்சு, சேர். முடிஞ்சு. நீங்க நனைஞ்சி ஈக்கிறீங்க, வீட்ட போங்க.”

“இன்னும் அறுபத்து மூண்டு பேர் இருக்கினம்.”

இருபத்து மூன்றாவது பெயரில் இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டார்கள். நாற்பதில் அறுந்தது. மூன்றாம் தரம் கணினி ஒவ்வொரு பெயராக, மலையேறும் லொறி போல முனகி முனகிப் போனது. மூன்று நாற்பத்தேழுக்கு முடிந்தது. ஒன்பது பேராக இருந்த சித்தி நாற்பத்தொரு பேராகியிருந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்தடிப் பொதி சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும் என்று உறுதியாகி, நகரம் மறுபடி ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டது.

‘மற்றதை’ கலாநிதி அடுத்த மாதம் கடிதத்தில் பேசினார். இன்னொரு வினா ஆக்குநர் கிடைக்கும்வரை அம்பிகைபாகன் மூன்று மாதத்துக்கு மட்டும் தற்காலிகமாகத் தொடரலாம் என்று அதில் இருந்தது. நமது நாட்டில் தற்காலிகமான எதுவும் இலகுவில் முடிவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டையின் அடியில் புதுத் திகதி ஒட்டப்பட்டது. அப்படியே ஓய்வுபெறும் வயது வரை ஒட்டிக்கொண்டு போனார். ஆனால் திகதி ஒட்டும் கிழமை வரும்போதெல்லாம் பஸ்ஸில் கனவு காண்பதை நிறுத்திவைப்பார்.

அடுத்த வருடம் மாசி மாதத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புசல்லாவையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. குண்டசாலை வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. அம்பிகைபாகன் முற்றத்துக்கு வந்து, கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அசையாமல் நின்றார். நியமனக் கடிதம் வந்துவிட்டதாக அழகம்மா சொன்னார். நேற்றே வந்ததாம்; இரவு முழுக்க வீட்டில் ஆளாளுக்கு வாசித்தார்களாம். சார் ஒருக்கா கேக்கணும் என்றார். பிறகு கடிதத்தின் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். கோவை இலக்கத்திலிருந்து தொடங்கினார். திகதி, விடயம், பந்தி ஒன்று, பந்தி இரண்டு, கடமையைப் பொறுப்பேற்க வேண்டிய நாள், பாடசாலையின் பெயர், பாடம் கணிதம், தகுதிகாண் காலம் மூன்று வருடம், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முரண்பாடு இருப்பின் எது செல்லும் என்ற குறிப்பு, பிரதிகள் யார் யாருக்கு என்பது எல்லாம். ஓரிடத்திலும் அவசரப்படவில்லை. பின்னால் லயத்துக் குழந்தைகளின் சத்தமும் யாரோ அடுப்பில் தாளிக்கும் சத்தமும் கேட்டன. சோறு ஆறுது என்று றீற்றா உள்ளிருந்து கூப்பிட்டார். அம்பிகைபாகன் கையை உயர்த்திக் காட்டினார்.

கையொப்பமிட்டவரின் பதவியையும் வாசித்து முடித்து அழகம்மா நிறுத்தினார்.

“சார், இதுல பிழை ஒண்ணும் இல்லீங்களே?”

அம்பிகைபாகன் யோசித்தார். மலைப்பக்கம் முகில் இறங்கி, எதிர்வீட்டுக் கூரை வரை வந்திருந்தது.

“ரெண்டாம் பந்தியை இன்னொருக்கா வாசியுங்கோ, ரீச்சர்” என்றார்.

அழகம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, கோவை இலக்கத்திலிருந்து தொடங்கினார்.